டிடெக்டரை நம்பி ஒரு மாணவிக்குப் பூஜ்யம் போட்டேன். இனி இன்டர்னல் அசைன்மென்ட்டை என்ன செய்யலாம்?

வைகைக்கரை | நவம்பர் 15, 2025, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் பதினான்கு வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். இந்த செமஸ்டரில் ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் கேள்வியைக் கேட்க வேண்டும்.

இரண்டாமாண்டு பி.ஏ. வகுப்பு. ஊரில் பார்த்த ஒரு தொழிலைப் பற்றி அறுநூறு வார்த்தையில் ஆங்கிலக் கட்டுரை எழுதி, டைப் செய்து ஏற்ற வேண்டும். ஐந்து மதிப்பெண். ஏ.ஐ. எழுதியதா என்று பார்த்துச் சொல்கிற டிடெக்டர் ஒன்றைக் கல்லூரி வாங்கியிருந்தது. 58 கட்டுரைகளையும் அதில் போட்டேன். ஒரு மாணவியின் கட்டுரைக்கு 84 சதவீதம் என்று வந்தது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பிக் கேட்டேன். அவள் வாயே திறக்கவில்லை. பேசாததையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு பூஜ்யம் போட்டேன்.

மறுநாள் காலையில் துறை வாசலில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு நின்றாள். அவளுடைய அம்மா பூக்கட்டுகிறவர். மல்லிகை எத்தனை மணிக்கு வந்து இறங்கும், நார் எப்போது காய்ந்து அறும், முழத்துக்கு என்ன கூலி என்று ஒவ்வொரு பத்தியையும் முதலில் தமிழில் எழுதியிருந்தாள். பக்கத்தில் ஆங்கிலம். அடித்துவிட்டு மறுபடி ஆங்கிலம். சில பத்திகள் மூன்று முறை. ஓரத்தில் அகராதியில் பார்த்த சொற்கள். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பெண். ஃபர்ஸ்ட்லி, மோர்ஓவர், இன் கன்க்ளூஷன் என்று கோத்து, சின்னச் சின்ன வாக்கியமாக, தப்பு வராமல் எழுது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். அப்படி எழுதியதைத்தான் அந்த மென்பொருள் இயந்திரம் எழுதியது என்று சொல்லியிருக்கிறது.

அதே வகுப்பில் இரண்டு பையன்களுக்கு 9, 12 சதவீதம் வந்திருந்தது. நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தேன். நடந்ததைக் கேள்விப்பட்டு அவர்களாகவே வந்து சொன்னார்கள்: சாட்ஜிபிடியில் எடுத்து, வார்த்தைகளை மாற்றித் தருகிற இன்னொரு தளத்தில் ஒருமுறை போட்டு எடுத்தார்களாம்.

ஆக, உழைத்தவள் மாட்டினாள், உழைக்காதவர்கள் தப்பினார்கள். மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன், அவளிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆனால் பாக்கி 55 பேருக்குப் போட்ட மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை. பிப்ரவரியில் எங்கள் பாடத்திட்டக் குழு கூடுகிறது. அதற்குள் ஒரு மாற்றுத் திட்டம் எழுத வேண்டும். தடை செய், விட்டுவிடு என்று ஒற்றை வரியில் சொல்லாமல், உங்கள் வகுப்பில் என்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நொய்யல் | நவம்பர் 15, இரவு 10:30

மேடம், பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் துறையில் இருக்கிறேன். முதலில் டிடெக்டர் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இங்கே பலருக்கு அது உதவும்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டர் வெளியிட்டது. ஏ.ஐ. எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏ.ஐ. என்று தவறாகச் சொன்னது. இரண்டும் அவர்களே வெளியிட்ட கணக்கு. துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் எடுத்துவிட்டார்கள். எழுத்தை உண்டாக்கியவர்களாலேயே அடையாளம் காண முடியவில்லை.

உங்கள் மாணவிக்கு நடந்ததும் ஆய்வில் வந்த விஷயம்தான். ஸ்டான்ஃபோர்டில் 2023-ல், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏ.ஐ. என்றன. காரணம் எளிது. அடுத்த சொல் என்ன வரும் என்று சுலபமாக ஊகிக்க முடிகிற எழுத்தை டிடெக்டர் இயந்திர எழுத்து என்கிறது. குறைந்த சொல் வளத்தோடு கவனமாக எழுதுகிற பிள்ளை ஊகிக்கக்கூடிய விதத்தில்தான் எழுதும்.

நம் கல்லூரிகளில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறையில் இருக்கிற 10, 40, 60 சதவீத அளவுகளை எடுத்து இந்த ஏ.ஐ. சதவீதத்துக்குப் பொருத்துகிறார்கள். அந்த விதி வந்தபோது சாட்ஜிபிடியே கிடையாது. அது ஏற்கெனவே இருக்கிற எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்கிற ஒப்புமையைப் பற்றியது. ஒப்புமை அறிக்கை எந்தப் பக்கத்திலிருந்து எந்த வரி எடுக்கப்பட்டது என்று காட்டும், நாம் திறந்து சரிபார்க்கலாம். ஏ.ஐ. சதவீதத்துக்கு அப்படி மூலம் எதுவும் கிடையாது. 84 என்று வந்தால் 84-தான். மாணவரால் மறுக்கவும் முடியாது, நம்மால் நிரூபிக்கவும் முடியாது.

பாலாற்றங்கரை | நவம்பர் 16, காலை 6:15

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியின் முதல்வர். இதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

போன வருடம் டிடெக்டர் வாங்கக் கையெழுத்துப் போட்டவன் நான். ஏ.ஐ. பயன்படுத்தினால் இன்டர்னல் ரத்து என்று சர்க்குலரும் விட்டேன். அதை அமல்படுத்த முடியாது என்று கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும். ஆனால் நிர்வாகக் குழுவில் "இதற்கு நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று கேட்கிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர்களும் காகிதத்தில் கேட்கிறார்கள். வாங்கிய பில்லும் ஒரு சர்க்குலரும் இருந்தால் ஏதோ செய்ததாகக் காட்டலாம். அவ்வளவுதான் நடந்தது.

இதற்கு நேர் எதிரான நெருக்கடியும் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கண்காணிக்கிற ஏ.ஐ.சி.டி.இ. 2025-ஐ செயற்கை நுண்ணறிவு ஆண்டு என்று அறிவித்த பிறகு வாரத்துக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வருகிறார். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 23 வளாகங்களில் 4,60,000 மாணவர்களுக்கு சாட்ஜிபிடி கொடுத்துவிட்டது, நீங்கள் எப்போது என்று கேட்கிறார். ஒரு கையால் தடுக்கச் சொல்கிறார்கள், மறு கையால் வாங்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வகுப்பில் நிற்கிற ஆசிரியருக்கு நான் எதுவுமே செய்து கொடுக்கவில்லை. நேற்று இரவு வைகைக்கரை மேடம் எழுதியதைப் படித்ததிலிருந்து அதுதான் உறுத்துகிறது.

சட்டப் பக்கமும் இருக்கிறது. ஹரியானாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த மாணவர், விடைத்தாள் ஏ.ஐ. எழுதியது என்று ஃபெயிலாக்கப்பட்டு, 2024-ல் உயர் நீதிமன்றம் வரை போனார். பிறகு பல்கலைக்கழகமே அவரைத் தேர்ச்சி பெறச் செய்ததால் வழக்கு முடிந்தது. நாளை நம் மாணவர் ஒருவர் போனால், 84 சதவீதம் என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு எந்த முதல்வராலும் பதில் சொல்ல முடியாது.

ஆனால் டிடெக்டரை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் எதை வைப்பது? எல்லோரும் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, என்கிறார்கள். என் கல்லூரியில் ஒரு வகுப்புக்கு 60, 65 பேர். யார் உட்கார்ந்து கேட்பது?

வைகைக்கரை | நவம்பர் 16, காலை 7:50

சார், வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 58 பேர், ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் 348 நிமிடம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். எனக்கு நான்கு வகுப்பு. இருபத்துநான்கு மணி நேரம். யு.ஜி.சி. கணக்கில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. அதாவது ஒன்றரை வாரத்து வேலை. செமஸ்டரில் அவ்வளவு ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

திரிசிரபுரம் | நவம்பர் 16, காலை 9:05

முப்பத்துநான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இதற்கு எளிய வழி இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிற எதற்கும் மதிப்பெண் வேண்டாம். எல்லாவற்றையும் ஹாலில், பேனாவால், கண் முன்னால் எழுதட்டும். லேப்டாப் இருக்கிறவன், இல்லாதவன் என்ற வேறுபாடும் அதில் கிடையாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு அதைவிட நியாயமான இடம் எது?

நொய்யல் | நவம்பர் 16, காலை 9:40

ஐயா, லேப்டாப் பற்றிச் சொன்னது உண்மை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஹாலில் எழுதுவது மூன்று மணி நேரத்தில் நினைவிலிருந்து கொட்டுகிற வேலையாகவே நம் ஊரில் ஆகிவிட்டது. அந்தப் பெண் செய்ததைப் பாருங்கள்: தமிழில் யோசித்து, எழுதி, அடித்து, சொல் தேடி, மறுபடி எழுதியிருக்கிறாள். அந்தப் பத்து நாள் வேலையை ஹாலுக்குள் எப்படிக் கொண்டுவருவது? எல்லாவற்றையும் ஹாலுக்குள் அடைத்தால் மனப்பாடம் செய்கிறவர்தான் ஜெயிப்பார்.

எங்கள் பக்கம் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரிக்கு இன்டர்னல் 40, ஆய்வகத் தாளுக்கு 60. ஆய்வக இன்டர்னலில் பெரும்பகுதி ரெக்கார்ட் நோட்டை வைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த ரெக்கார்டை மாணவர்கள் சீனியரின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினார்கள். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் எழுதினேன். ஏ.ஐ. வந்து கெடுத்தது என்று சொல்வது முழு உண்மை இல்லை. அது ஏற்கெனவே ஓட்டையாக இருந்தது, இப்போது எல்லோருக்கும் தெரிகிறது.

இந்த வருடம் ப்ரோக்ராமை ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கலாம் என்று அனுமதித்துவிட்டேன். ஆய்வகத்தில் உட்கார்ந்த பிறகு கேள்வியில் ஒன்றை மாற்றுவேன். ஏறுவரிசையில் அடுக்கியதை மதிப்பெண் சமமாக இருந்தால் பெயர்படி அடுக்கச் சொல்வேன். அல்லது ஓடுகிற ப்ரோக்ராமில் ஒரு வரியை நானே கெடுத்துவிட்டு, எங்கே உடைந்தது என்று கேட்பேன். புரிந்தவன் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கிறான். புரியாதவன் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். யார் எழுதியது என்ற விசாரணையே எனக்கு இப்போது தேவைப்படவில்லை.

முப்பது பேர் கொண்ட ஆய்வக பேட்ச் என்பதால் முடிகிறது. 60 பேர் தியரி வகுப்பில் எப்படி என்று எனக்கும் தெரியவில்லை.

இரண்டாம் ஷிஃப்ட் | நவம்பர் 16, மதியம் 1:20

அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் முடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆசிரியர்கள் ஏ.ஐ. பயன்படுத்துவதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நான் பயன்படுத்துகிறேன். லெசன் பிளான், கேள்வி வங்கி, கோர்ஸ் ஃபைல், எந்தப் பாடம் எந்தக் கற்றல் இலக்கை நிறைவேற்றுகிறது என்று காட்டுகிற அவுட்கம் மேப்பிங் தாள் எல்லாவற்றுக்கும். மாணவர்களிடம் மறைக்கவில்லை. ஆனால் எங்கள் வளாகத்திலேயே வகுப்புக் குறிப்பை முழுக்க ஏ.ஐ.யில் எடுத்துக் கொடுத்துவிட்டு, மாணவர் அசைன்மென்ட்டை ஏ.ஐ.யில் எடுத்தால் திட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு அது தெரிகிறது. ஒரு விதி போட்டால் அது ஆசிரியருக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும்.

முதல்வர் சாரிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நேரம் இல்லை என்கிறீர்கள். நேரம் இருக்கிறது சார், அது காகிதத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே மதிப்பெண் பட்டியலை நான் மூன்று வடிவத்தில் கொடுக்கிறேன்: துறைக்கு, தரக் குழுவுக்கு, தேர்வுப் பிரிவுக்கு. யாரும் படிக்காத அவுட்கம் மேப்பிங் ஒவ்வொரு பாடத்துக்கும் எட்டு பக்கம். அதை நான் ஏ.ஐ.யில் எழுதுகிறேன், அந்தப் பக்கம் யாரோ ஏ.ஐ.யில் சுருக்குகிறார்கள். அதில் பாதியை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைக் கொடுங்கள், 60 பேரிடமும் உட்கார்ந்து பேசுகிறோம்.

மூன்றாமாண்டு பி.காம். | நவம்பர் 16, இரவு 11:55

மாணவன் எழுதலாமா? பெரியவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜியோ 5ஜி பிளான் இருந்தால் என் வயசுக்காரர்களுக்கு கூகுளின் ஏ.ஐ.யான ஜெமினி ப்ரோ பதினெட்டு மாதம் இலவசம். சாட்ஜிபிடி கோ இந்த மாதம் 4-ஆம் தேதியிலிருந்து ஒரு வருடம் இலவசம். ஏர்டெல் வைத்திருக்கிறவர்களுக்கு ஜூலையிலிருந்தே பெர்ப்ளெக்சிட்டி என்கிற இன்னொரு ஏ.ஐ. என்ன சர்க்குலர் போட்டாலும் எல்லாம் எங்கள் ஃபோனிலேயே இருக்கிறது.

நான் சாயங்காலம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். பத்தரைக்குத்தான் வீட்டுக்கு வருவேன். மார்ஜினல் காஸ்டிங் வகுப்பில் எனக்குப் புரியவில்லை. கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. ராத்திரி ஜெமினியிடம் தமிழில் கேட்டேன். எங்கள் கடையையே உதாரணமாக வைத்துச் சொல்லச் சொன்னேன். வாடகை விற்றாலும் விற்காவிட்டாலும் உண்டு, துணி வாங்கின விலை விற்கிற அளவுக்கு ஏறும் என்று சொன்னபோது புரிந்துவிட்டது. இதை ஏமாற்று என்று சொல்வீர்களா?

அசைன்மென்ட்டுக்கும் எடுக்கிறேன், பொய் சொல்லவில்லை. "பணவீக்கத்தின் வகைகளை விளக்குக" என்று வருகிறது. கைடில் இருப்பதை எழுதினாலும் அதே மதிப்பெண், ஜெமினியில் எடுத்தாலும் அதே மதிப்பெண். சார் திறந்து பார்க்காமல் டிக் போடுகிறார். யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தால் எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

வைகைக்கரை மேம், அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னீர்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டீர்களா?

வைகைக்கரை | நவம்பர் 17, காலை 5:30

தம்பி, இல்லை. துறை அறையில் தனியாகக் கேட்டேன். நீ கேட்டது நியாயம். எல்லோர் முன்னாலும் குற்றம் சாட்டிவிட்டு, தனியாக மன்னிப்புக் கேட்டால் பாக்கி 57 பேர் மனதில் அவள் இன்னும் காப்பியடித்தவள்தான். இன்று மூன்றாவது பீரியட் அந்த வகுப்பு எனக்கு. இன்றைக்கே கேட்கிறேன்.

செம்புலம் | நவம்பர் 17, மாலை 4:10

தமிழ்த் துறை. எங்களுக்குப் பிரச்சினை வேறு வகை. ஆங்கிலத்தில் ஏ.ஐ. வழுக்கிக்கொண்டு எழுதும். சங்க இலக்கியத்தில் வழுக்கி விழும். போன செமஸ்டரில் ஒரு அசைன்மென்ட்டில் "குறுந்தொகை 437-ஆம் பாடல்" என்று நான்கு அடி, திணை, துறை, பொருள் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தது. கடவுள் வாழ்த்தை விட்டால் குறுந்தொகையில் இருப்பதே 401 பாடல்தான். அந்த நான்கு அடியும் ஆசிரியப்பா மாதிரியே இருந்தது. எங்கள் துறையிலேயே ஒருவர் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சந்தேகப்பட்டார்.

அதற்குப் பிறகு அதையே பயிற்சியாக ஆக்கிவிட்டேன். ஏ.ஐ.யிடம் ஒரு பாடலுக்கு விளக்கம் கேட்டு வாங்கி வரச் சொல்கிறேன். உ.வே.சா. பதிப்பை நூலகத்தில் எடுத்துவைத்து, வரி வரியாக எது சரி, எது இட்டுக்கட்டியது என்று சிவப்பு மையில் குறிக்க வேண்டும். சிவப்பு மைக்குத்தான் மதிப்பெண். மூன்று வருடமாகத் தூசி படிந்த உரைநூல்களை இந்த செமஸ்டர் வரிசையில் நின்று எடுத்தார்கள். ஒரு பையன் பதவுரையில் ஒரு சொல்லுக்கு இரண்டு உரைகாரர்கள் வேறு வேறு பொருள் சொல்வதைக் கண்டுபிடித்து வந்து, ஏ.ஐ. இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது என்று காட்டினான். இருபது வருட அனுபவத்தில் இரண்டாமாண்டு மாணவரிடமிருந்து அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை.

இது எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது. நாளைக்கே அது சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மூலத்தைத் திறந்து பார்க்கிற பழக்கம் வந்தால் அது பிள்ளையோடு தங்கும்.

பரமட்டா | நவம்பர் 18, காலை 3:20

சிட்னியில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் படித்து, இங்கே பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படிப்பிக்கிறேன். இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால் உதவுமோ என்று பார்க்கிறேன்.

சிட்னிப் பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டு பாதையாகப் பிரித்திருக்கிறது. ஒன்று பாதுகாக்கப்பட்டது: நேரில், மேற்பார்வையில், எழுத்துப் பரீட்சையாகவோ வாய்மொழியாகவோ நடக்கும். அதில் ஏ.ஐ. எது அனுமதி என்று விரிவுரையாளர் சொல்வார். மற்றது திறந்தது: வீட்டில் செய்கிற ஒப்படைகள் (நீங்கள் சொல்கிற அசைன்மென்ட்) எல்லாம். அதில் ஏ.ஐ. தாராளமாகப் பயன்படுத்தலாம். தடை செய்தால் கண்காணிக்க முடியாது என்று தெரிந்த பிறகு தடை என்று எழுதுவதில் பயன் இல்லை என்பது அதன் அடிப்படை. 2025 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், ஒவ்வொரு ஒப்படையையும் பொலிஸ் வேலை பார்த்துப் பாதுகாக்கத் தேவையில்லை என்பது. மூன்று வருடப் படிப்பில் சில இடங்களில் மட்டும் மாணவரை நேரே இருத்திக் கதைத்து, இவருக்கு இது தெரியும் என்று உறுதி செய்தால் போதும். மிச்சம் எல்லாம் பழகுவதற்கு. வகுப்பு பெரிது என்கிறவர்கள் அந்தக் கோணத்தில் யோசித்துப் பாருங்கள். எல்லாத் தாளிலும் வைவா தேவையில்லை.

அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டிடெக்டரை நிறுத்தியபோது சொன்ன கணக்கையும் முதல்வர் ஐயாவின் நிர்வாகக் குழுவுக்குக் காட்டலாம். தவறு ஒரு சதவீதம் என்று விற்றவர்கள் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருடம் அங்கே 75,000 ஒப்படைகள் வந்திருந்தன. ஒரு சதவீதம் என்றாலே 750 பேர் மேல் பிழையாகக் குற்றம் விழும்.

பாலாற்றங்கரை | நவம்பர் 22, இரவு 8:00

நான்கு நாளாக யோசித்துவிட்டு வருகிறேன். பரமட்டா சொன்ன 750 கணக்கை நிர்வாகக் குழுவில் அப்படியே வைத்தேன். சேர்மன் கேட்ட முதல் கேள்வி: "நம்முடைய எண்ணிக்கைக்கு எத்தனை வரும்?" எங்களிடம் 2,300 மாணவர்கள், ஆளுக்கு செமஸ்டருக்கு ஆறு அசைன்மென்ட். ஒரு சதவீதம் என்று வைத்தாலே செமஸ்டருக்கு 138. அதற்கு மேல் யாரும் வாதம் செய்யவில்லை. டிடெக்டர் சதவீதத்தை வைத்து எந்த மாணவர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பழைய சர்க்குலரை ரத்து செய்து புதியது விட்டாயிற்று.

இரண்டாம் ஷிஃப்ட் சார் சொன்னது என்னை அதிகம் அசைத்தது. எல்லாத் துறைத் தலைவர்களிடமும் உங்கள் ஆசிரியர்கள் நிரப்புகிற படிவங்களை ஒரு கட்டாகக் கொண்டுவாருங்கள் என்று கேட்டேன். மேசை மீது வைத்தபோது 31 படிவங்கள். அதில் எதை நான் கடைசியாகத் திறந்து படித்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான்கைத்தான் சொல்ல முடிந்தது. மதிப்பெண்ணை ஒரே இடத்தில் ஏற்றினால் போதும் என்று செய்துவிட்டோம். 11 படிவங்களை உடனே நிறுத்திவிட்டேன். மற்றவற்றில் சில வெளியிலிருந்து கேட்கிறவை, அதில் என் கை நீளாது.

நிர்வாகத்திடம் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. வகுப்பு எண்ணிக்கையை 45 ஆகக் குறைக்கக் கேட்டேன். அது கட்டணக் கணக்கு, நடக்கவில்லை. கேட்டதைப் பதிவு செய்திருக்கிறேன். அடுத்த வருடமும் கேட்பேன்.

திரிசிரபுரம் | நவம்பர் 23, காலை 8:30

எல்லாம் படித்தேன். ஹால்தான் நியாயம் என்ற என் கருத்தில் பாதி மாறியிருக்கிறது. அந்தப் பூக்கட்டுகிற அம்மாவின் மகள் ஹாலில் எழுதியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டாள் என்று நொய்யல் சொன்னது சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன்: வைவாவிலும் தைரியமாகப் பேசுகிறவன்தான் ஜெயிப்பான். டிடெக்டரை வைத்துக் கேட்டபோது வாய் திறக்காத அதே பெண் வைவாவில் எப்படிப் பேசுவாள்? இதற்கு வழி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

வைகைக்கரை | பிப்ரவரி 21, 2026, இரவு 9:15

தாமதத்துக்கு மன்னியுங்கள். பாடத்திட்டக் குழு இன்று முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு தாளுக்கும் அசைன்மென்ட் என்பதை எடுத்துவிட்டோம். ஒரு செமஸ்டரில் இரண்டு தாளில் மட்டும். ஆனால் அந்த இரண்டும் முழுதாக நடக்கும். ஐந்து மதிப்பெண் பத்தாகிறது: நான்கு, அடித்துத் திருத்திய வரைவு நோட்டுக்கு. நான்கு, அதைப் பற்றி ஆசிரியரோடு பேசுவதற்கு. இரண்டுதான் முடித்த கட்டுரைக்கு. ஏ.ஐ.யைப் பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று நோட்டில் எழுத வேண்டும், அதற்காக மதிப்பெண் குறையாது. இரண்டாம் ஷிஃப்ட் சொன்னபடி, வகுப்புக் குறிப்பில் ஏ.ஐ.யை எங்கே பயன்படுத்தினோம் என்று ஆசிரியரும் எழுத வேண்டும். இந்த வரிக்குத்தான் கூட்டத்தில் எதிர்ப்பு அதிகம் வந்தது, இருந்தாலும் நிறைவேறியது. அகடமிக் கவுன்சில் ஒப்புதல் இன்னும் பாக்கி.

இந்த செமஸ்டர் ஒரு வகுப்பில் சோதனையாகச் செய்து பார்த்தேன். தனியாக நேரம் ஒதுக்கவில்லை. வகுப்பு நோட்டில் வரைவு எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டேன். ஆளுக்கு நான்கு நிமிடம், மொத்தம் ஐந்து பீரியட்.

திரிசிரபுரம் ஐயா எச்சரித்தது அப்படியே நடந்தது. முதல் பீரியடில் ஆங்கிலத்தில் கேட்டேன். ஏழு பேரில் நான்கு பேர் உறைந்துபோனார்கள். இரண்டாவது பீரியடிலிருந்து எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல் என்றேன். வகுப்பே வேறு மாதிரி ஆகிவிட்டது. "இந்தப் பத்தியை ஏன் முன்னால் கொண்டுவந்தாய்" என்று கேட்டால் தமிழில் ஒரு நிமிடம் விடாமல் பேசுகிறார்கள். இந்த வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொல் என்று கடைசியில் கேட்டேன், அதுவும் வந்தது.

சரியாக வராததும் உண்டு. நோட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்து, வாயில் ஒன்றும் வராத ஆறு பேர் இருந்தார்கள். ஏ.ஐ. எழுதியதை வேண்டுமென்றே அடித்துத் திருத்தி வரைவு மாதிரி செய்தார்களா, பயத்தில் பேசவில்லையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர்களை மறுவாரம் இன்னொரு முறை கூப்பிட்டேன். மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேருக்கு இன்னும் மதிப்பெண் போடவில்லை.

தம்பி, நீ கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். நவம்பர் 17 அன்று மூன்றாவது பீரியடில், எங்கே நின்று கேள்வி கேட்டேனோ அங்கேயே நின்று, நான் செய்தது தவறு, இவள் எழுதியது முழுக்க இவளுடைய எழுத்து என்று சொன்னேன். அந்தக் கட்டுரையில் மல்லிகை வந்து இறங்குகிற பத்தியை வாசித்தும் காட்டினேன். அவள் தலை நிமிரவே இல்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மேசைக்கு வந்தாள். ஏதாவது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ஆதாரம் என்று நான் துறை அலமாரியில் வைத்திருந்த நோட்டைத் திருப்பித் தரச் சொன்னாள். பின்னால் பன்னிரண்டு பக்கம் காலியாக இருக்கிறதாம்.

இரண்டாம் ஷிஃப்ட் | பிப்ரவரி 21, இரவு 10:05

மேடம், வரைவு நோட்டுக்கு நான்கு மதிப்பெண் எப்படிப் பிரித்தீர்கள் என்பதை மட்டும் தனியாக ஒரு பதிவாகப் போடுங்கள். எங்கள் துறையில் திங்கட்கிழமை பேசப் போகிறேன்.